பல்லாவரத்துக் கல் சொல்லும் பாடம்

தாம்பரத்தில் இருந்து சென்னைக் கடற்கரைக்கு மின்சார ரெயில் ஓடுகிறது. சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம் என்று நிலையங்கள் வரும். ஜன்னல் வழியே பார்த்தால் குன்றுகள் தெரியும். நீலமும் கருப்பும் கலந்த பாறைகள். கல் உடைத்துக் கல் உடைத்துக் குடைந்துபோன பள்ளங்கள். தினமும் அந்த வழியே போகிறவர்கள் அதை ஓர் அதிசயமாக எண்ணுவதில்லை.

ஆனால் அந்தப் பாறைக்கு உலகம் முழுவதும் தெரிந்த ஒரு பெயர் உண்டு. இலங்கையில் அதே வகைப் பாறை கிடைத்தாலும் அந்தப் பெயர்தான். நார்வேயில் கிடைத்தாலும் அந்தப் பெயர்தான். பனி மூடிய அண்டார்டிகாவில் கிடைத்தாலும் அதே பெயர்தான். 'சார்னோகைட்' என்பது அந்தப் பெயர்.

அது எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு கல்லறையில் இருந்து வந்தது! பல்லாவரம் பகுதியில் வெட்டி எடுத்து, கப்பலில் ஏற்றி, கல்கத்தாவில் ஒரு மனிதரின் கல்லறைமேல் வைத்த கல்லில் இருந்து வந்தது.

அன்புக்கு உரியவர் இறந்துவிட்டால், அவருக்கு ஒரு கல் வைக்க வேண்டும் என்று குடும்பத்தார் நினைக்கிறார்கள். எந்தக் கல் வைப்பது? அதில் என்ன எழுதுவது? எவ்வளவு செலவு செய்வது? துக்கத்தில் இருக்கும்போது இந்தக் கேள்விகளுக்கு விடை காண்பது கடினம். 300 ஆண்டுகளைத் தாண்டி நிற்கும் அந்தப் பல்லாவரத்துக் கல், இதற்கெல்லாம் நல்ல பாடம் சொல்கிறது. அதன் கதையைக் கேளுங்கள்.

கல்கத்தா சென்ற கல்

ஜாப் சார்னாக் என்பவர் ஓர் ஆங்கிலேயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராக இந்தியாவுக்கு வந்தவர். வங்காளத்திலும் பாட்னாவிலும் 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார். 1690-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி, ஹூக்ளி ஆற்றங்கரையில் சுதாநுதி என்ற கிராமத்தில் வந்து இறங்கினார். அங்கே கம்பெனிக்கு ஒரு குடியிருப்பை ஏற்படுத்தினார். அதுவும் பக்கத்துக் கிராமங்களும் சேர்ந்து பின்னாளில் கல்கத்தா என்ற பெரிய நகரம் ஆயிற்று.

சார்னாக்குக்குச் சென்னையோடும் தொடர்பு உண்டு. வங்காளத்தில் மொகலாயருடன் சண்டை மூண்டதால், கம்பெனிக்காரர்கள் சிறிது காலம் சென்னைக்கு வந்து தங்கினார்கள். அப்போது அவருடைய மூன்று மகள்களுக்கும் சென்னைக் கோட்டையில் உள்ள செயின்ட் மேரி தேவாலயத்தில் ஞானஸ்நானம் நடந்தது. அது 1689-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம்.

சுதாநுதியில் குடியேறிய பிறகு சார்னாக் அதிக காலம் வாழவில்லை. இரண்டரை ஆண்டுக்குள் காலமானார். மூத்த மகள் மேரியின் கணவர் சார்லஸ் அயர் என்பவர், மாமனாருக்கு ஒரு நினைவு மண்டபம் கட்டினார். அதற்கு ஒரு கல் வேண்டும். வங்காளம் ஆற்று வண்டல் படிந்த நாடு. கல்கத்தாவைச் சுற்றி எவ்வளவு தோண்டினாலும் களிமண்தான் வரும். மருந்துக்குக்கூடப் பாறை கிடையாது. ஆகவே சென்னைக்குத் தெற்கே இருந்த குன்றுகளில் இருந்து கல் போயிற்று. கடல் வழியே போயிற்று!

அந்த மண்டபம் இன்றும் கல்கத்தாவில் செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. கல்லும் இருக்கிறது. எழுத்தும் இருக்கிறது.

பாறைக்குப் பெயர் வந்த விதம்

ஏறக்குறைய 200 ஆண்டுகள் கழிந்தன. தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியல் அறிஞர் பல்லாவரம், பரங்கிமலைப் பாறைகளை ஆராய்ந்தார். கண்ணுக்குச் சாதாரணக் கருங்கல்லாகத் தெரிந்தாலும், அதன் உள்ளே இருந்த தாதுக்களின் சேர்க்கை தனி வகையாக இருந்தது. அதற்குத் தனிப் பெயர் வேண்டும். சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே பாறை என்பதால், 1893-இல் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். அப்படிப் பிறந்ததுதான் 'சார்னோகைட்'.

இந்தப் பாறை பூமியின் அடி ஆழத்தில், கடும் வெப்பத்தில் உருவானது. வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். பரங்கிமலையில் உள்ள பாறையைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிவித்திருக்கிறது.

உலகத்தில் எத்தனையோ மன்னர்கள் பளிங்கில் கல்லறை கட்டிக்கொண்டார்கள். ஆனால் கல்லறைக் கல்லே ஒருவர் பெயரைப் பாறைக்குக் கொடுத்தது அபூர்வம். அந்தப் பெருமை பல்லாவரத்துக் கல்லுக்குக் கிடைத்தது.

எழுத்தில் உள்ள மூன்று குறைகள்

கல் உறுதியானது. சரி, எழுத்து எப்படி? அதில்தான் பாடம் இருக்கிறது.

முதலாவது, மொழி. கல்லில் உள்ள வாசகம் லத்தீன் மொழியில் இருக்கிறது. அக்காலத்தில் படித்த ஆங்கிலேயர்களின் வழக்கம் அது. இன்று அந்த மண்டபத்துக்குப் போகிறவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு லத்தீன் தெரியும்? எழுத்து கண்ணுக்குத் தெரிகிறது. பொருள் தெரிவதில்லை. அதோடு, 'இந்தச் சலவைக்கல்லின் கீழ்' என்ற பொருளில் ஒரு சொல்லையும் வெட்டியிருக்கிறார்கள். அது சலவைக்கல்லே அல்ல. பல்லாவரத்துக் கருங்கல்!

இரண்டாவது, தேதி. சார்னாக் இறந்தது 1692, ஜனவரி 10 என்று கல் சொல்கிறது. நமது கணக்குப்படி அது 1693. கல் பொய் சொல்லவில்லை. அன்றைய இங்கிலாந்தில் புது ஆண்டு மார்ச் 25-ந் தேதிதான் பிறக்கும். ஆகவே ஜனவரி மாதம் பழைய ஆண்டோடு சேர்ந்துவிடும். இந்த விவரம் தெரியாதவர்கள் கல்லையும் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக் குழம்புகிறார்கள். அதே கல்லில் மகள் மேரியின் பெயரும் இருக்கிறது. அவர் இறந்த ஆண்டை 1696-7 என்று இரட்டையாக வெட்டியிருக்கிறார்கள். அதில் குழப்பம் இல்லை.

மூன்றாவது குறைதான் பெரிய குறை. சார்னாக்கின் மனைவி ஓர் இந்தியப் பெண். கணவனை இழந்த அந்த இளம் பெண்ணை உடன்கட்டை ஏறவிடாமல் சார்னாக் காப்பாற்றி மணந்துகொண்டார் என்று ஒரு கதை வழங்குகிறது. அவர் இறந்த பிறகு ஆண்டுதோறும் அவர் சமாதியில் சார்னாக் ஒரு சேவலைப் பலி கொடுத்தார் என்று பழைய பயண நூல் ஒன்று சொல்கிறது. கதையில் எது உண்மை, எது கற்பனை என்று பிரிப்பது கடினம். ஆனால் மூன்று பெண்களைப் பெற்று வளர்த்த ஒரு தாய் அந்த வீட்டில் இருந்தார். அது உண்மை.

அந்தத் தாயின் பெயர் கல்லில் இல்லை! தந்தையின் பெயர் இருக்கிறது. மகளின் பெயர் இருக்கிறது. மருமகனின் பெயரும் இருக்கிறது. தாயின் பெயர் இல்லை. பாறைக்குப் பெயர் கிடைத்தது. பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

கல் பேசும். ஆனால் வெட்டியதை மட்டுமே பேசும். வெட்டாமல் விட்டதை எந்தக் காலத்திலும் பேசாது.

தமிழர் கல் எடுத்த முறை

இறந்தவருக்குக் கல் வைப்பது வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த பழக்கம் அல்ல. தமிழ்நாட்டில் அது மிகப் பழையது.

பல்லாவரத்திலேயே அதற்குச் சான்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியல் அதிகாரி அங்கே தோண்டிப் பார்த்தபோது, சுட்ட மண்ணால் செய்த ஈமப்பேழை கிடைத்தது. தொட்டி போன்ற வடிவம். அடியில் வரிசையாகக் குட்டைக் கால்கள். இரும்புக் காலத்து மக்கள் தங்கள் இறந்தோரை இத்தகைய பேழைகளில் வைத்துப் புதைத்தார்கள். சென்னைக்குத் தெற்கே செங்கல்பட்டு வட்டாரத்தில் பெரிய கற்களை வட்டமாக அடுக்கிய ஈமச் சின்னங்கள் பல இடங்களில் இருக்கின்றன.

பிறகு நடுகல் வந்தது. போரில் மடிந்த வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் ஆறு படிகளாகச் சொல்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது 'காட்சி'. அந்தக் கல்லை எடுத்துக்கொள்வது 'கால்கோள்'. நீராட்டுவது 'நீர்ப்படை'. நிறுத்துவது 'நடுதல்'. படையல் இடுவது 'பெரும்படை'. புகழ்ந்து வாழ்த்துவது 'வாழ்த்தல்'. கல்லைத் தேர்ந்தெடுப்பதையே முதற் சடங்காக வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். சிலப்பதிகாரத்தில், கண்ணகிக்குக் கல் எடுக்கும்போது பொதிய மலையா, இமயமா என்று ஆலோசனையே நடக்கிறது. சேரன் செங்குட்டுவன் இமயத்துக்குப் போகிறான்.

எல்லோருக்கும் இமயம் வேண்டியதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு நடுகல் உண்டு. மாடுகளைக் கவர வந்தவர்களோடு போராடி இறந்த ஒரு வீரனின் கல் அது. வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயின் உருவமும் இருக்கிறது. எஜமானனோடு நின்று கள்வர்களைக் கடித்த நாய். அதன் பெயர் கோவிவன். நாயின் பெயரைக்கூட மறக்காமல் வெட்டி வைத்தார்கள்!

அந்தக் கல் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. அதே மன்னன்தான் பல்லாவரத்துக் குன்றிலும் ஒரு குகைக் கோயிலைக் குடைந்தான். அது இப்போது முஸ்லிம்கள் தொழும் தர்காவாக இருக்கிறது.

பெண்களுக்கும் தமிழ்நாட்டில் ஒரு நினைவுக் கல் உண்டு. அது சுமைதாங்கிக் கல். வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் இறந்துபோனால், வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்கச் சாலை ஓரத்தில் கல் நிறுத்துவார்கள். அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை ஊரார் சுமைக்கு இடம் கொடுத்து ஆற்றினார்கள். இதைவிடப் பொருள் நிறைந்த நினைவுச் சின்னம் வேறு எது?

ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே கல்

பெரிய கல்லாக வைத்தால்தான் பெரிய அன்பு என்று சிலர் நினைக்கிறார்கள். கடன் வாங்கிக் கல் வைக்கிற குடும்பங்களும் உண்டு. அவர்கள் ஒரு முறை நந்தம்பாக்கம் போய்ப் பார்க்க வேண்டும்.

பரங்கிமலையில் இருந்து பூவிருந்தவல்லி போகும் சாலையில், நந்தம்பாக்கத்தில் போர் வீரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1952-இல் அது ஏற்பட்டது. இரண்டாம் உலகப்போரில் இறந்து, பல ஊர்களில் சிதறிக் கிடந்த வீரர்களின் கல்லறைகளை அங்கே ஒன்று சேர்த்தார்கள். 850-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே துயில்கிறார்கள். முதல் உலகப்போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களும் ஒரு நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

இந்தக் கல்லறைகளைப் பராமரிப்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். 1917-இல் இது தொடங்கப்பட்டபோதே ஒரு விதி செய்தார்கள். தளபதிக்கு ஒரு கல், சிப்பாய்க்கு ஒரு கல் என்ற பேதம் கூடாது. எல்லோருக்கும் ஒரே மாதிரி. நிறுத்தி வைக்கும் கல் என்றால் உயரம் 2 அடி 8 அங்குலம், அகலம் 1 அடி 3 அங்குலம். இங்கிலாந்தில் பல பெற்றோர்கள் இதை எதிர்த்தார்கள். எங்கள் பிள்ளைக்கு எங்கள் விருப்பப்படி கல் வைக்க உரிமை இல்லையா என்று கேட்டார்கள். 1920-இல் பாராளுமன்றத்தில் விவாதம் நடந்தது. முடிவில் சமத்துவமே வென்றது.

ஆனால் ஒன்றை மட்டும் குடும்பத்துக்கு விட்டார்கள். கல்லின் அடியில் சில சொற்களை வீட்டார் எழுதிக்கொள்ளலாம். முதல் உலகப்போர்க் கற்களில் அதற்கு 66 எழுத்துக்கள்தான் அளவு. இடைவெளியும் அதில் சேர்த்தி! ஆயுள் முழுவதும் அழ வேண்டிய தாய், தன் துக்கத்தை 66 எழுத்துக்குள் அடக்க வேண்டும். அடக்கினார்கள். இன்றும் அந்தக் கற்களைப் படிப்பவர்கள் கண் கலங்குகிறார்கள். கல்லின் அளவு மனத்தைத் தொடுவதில்லை. சொல்தான் தொடுகிறது.

அவசரம் வேண்டாம்

இனி, இன்று கல் வைக்க நினைக்கும் குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை என்ன?

முதலில், அவசரப்படக் கூடாது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். குழியை மூடிய மண் பல மாதங்கள் வரை உள்வாங்கிக்கொண்டே இருக்கும். அதன்மேல் உடனே பாரமான கல்லை வைத்தால் ஒரு பக்கம் சாயும். பூச்சு வெடிக்கும். தாம்பரம் சுற்று வட்டாரம் ஏரிகள் நிறைந்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை மக்கள் மறக்கவில்லை. ஒரு மழைக்காலம் போகட்டும். மண் இறுகட்டும். அதுவரை மரத்தால் ஒரு சிலுவையோ பெயர்ப் பலகையோ போதும். மனமும் அதற்குள் ஓரளவு ஆறும். ஆறின மனம் நல்ல சொல்லைத் தேர்ந்தெடுக்கும்.

அடுத்தது, அனுமதி. கல்லுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, தேவாலய அலுவலகத்திலோ கல்லறைத் தோட்ட அலுவலகத்திலோ கேட்டுக்கொள்ள வேண்டும். எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம் வரை கட்டலாம்? கட்டணம் உண்டா? சென்னையிலும் புறநகரிலும் இடம் குறைந்துவிட்டது. ஒரே குழியைக் குடும்பத்தில் அடுத்து இறப்பவருக்கும் திறப்பது வழக்கமாகி வருகிறது. அதற்கு என்ன விதி? இதைத் தெளிவாகக் கேட்டுக்கொண்டால், பிற்காலத்தில் கழற்றி வைக்கக்கூடிய விதமாகக் கல்லை அமைக்கலாம். அடுத்த பெயருக்கு இடமும் விட்டு வைக்கலாம்.

எந்தக் கல் நல்ல கல்?

சலவைக்கல் பார்வைக்கு அழகானது. உளிக்கு எளிதில் இணங்கும். ஆனால் அது சுண்ணாம்பு இனத்தைச் சேர்ந்தது. புளிப்புப் பட்டால் கரையும். நகரத்துப் புகை கலந்த மழை நாளடைவில் அதை அரித்துவிடும். பல ஆண்டுகள் வெளியில் நின்ற சலவைக்கல்லில் எழுத்து மழுங்கிப்போயிருப்பதைப் பழைய கல்லறைத் தோட்டங்களில் காணலாம்.

கடப்பைக் கல் விலை குறைவு. அடுக்கு அடுக்காக உள்ள கல் அது. வெயிலிலும் மழையிலும் ஏடு ஏடாகப் பிரிந்துவிடக் கூடும். கூரையின் கீழ் வைக்க ஏற்றது.

வெளியில் வைக்கக் கருங்கல்லே சிறந்தது. தமிழ்நாட்டில் அதற்குப் பஞ்சம் இல்லை. விழுப்புரம் மாவட்டத்துக் கருப்புக் கல்லும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கற்களும் கப்பல் ஏறி வெளிநாடுகளுக்குப் போகின்றன. ஐரோப்பாவில் எத்தனையோ கல்லறைகள்மேல் தமிழ்நாட்டுக் கல் நிற்கிறது. சார்னாக் காலத்தில் தொடங்கிய பயணம் இன்னும் நிற்கவில்லை!

நல்ல கல்லா என்று பார்ப்பது எப்படி? கோயில் சிற்பிகள் கல்லைத் தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்று மணி ஓசை எழுந்தால் ஆண் கல் என்றும், இனிய மெல்லோசை எழுந்தால் பெண் கல் என்றும் சொல்வார்கள். ஓசையே எழாத கல்லை ஒதுக்கிவிடுவார்கள். கல்லறைக் கல்லுக்கும் இந்தச் சோதனை பொருந்தும். சத்தம் மட்டமாக இருந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம்.

இன்னொரு சோதனை. கல்மேல் சிறிது தண்ணீர் ஊற்றுங்கள். உடனே உறிஞ்சிக்கொண்டு கறை போலப் பரவினால், அது நீர் குடிக்கும் கல். சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயமும் எண்ணெயும் தடவிக் கருங்கல் என்று விற்பதும் உண்டு. நகச்சாயம் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து ஒரு மூலையில் தேயுங்கள். பஞ்சு கருத்தால் சாயம் வெளுத்துவிட்டது என்று பொருள்!

விலையைப் பேசும்போது மொத்தமாகப் பேசாதீர்கள். கல்லுக்கு எவ்வளவு, கனம் எவ்வளவு, பாலிஷ் ஒரு பக்கமா எல்லாப் பக்கமுமா, எழுத்துக்கு என்ன கூலி, படம் பொறிக்க என்ன, வண்டிக் கூலி யாருடையது, அடியில் காங்கிரீட் போடுவது யார்? இவற்றைத் தனித்தனியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு சண்டைக்கு இடம் இராது.

எழுத்தில் கவனம்

முன்பு கல்தச்சர் உளியும் சுத்தியலும் கொண்டு ஒவ்வோர் எழுத்தாக வெட்டுவார். இன்று கம்ப்யூட்டரில் எழுத்தை அமைத்து, ரப்பர் தாளில் வெட்டி, கல்மேல் ஒட்டி, மணலை வேகமாக வீசி எழுத்தைக் குழிக்கிறார்கள். எந்த முறையானாலும் எழுத்து ஆழமாக இருக்க வேண்டும். மேலே பூசிய வண்ணம் சில ஆண்டுகளில் போய்விடும். ஆழம் இருந்தால் எழுத்து நிற்கும். மறுபடி வண்ணம் தீட்டலாம்.

கல்லில் பிழை ஏறினால் ரப்பர் போட்டு அழிக்க முடியாது. தமிழில் ல, ள, ழ என்ற மூன்றும் மாறலாம். ர, ற மாறலாம். ன, ண மாறலாம். ஒரு புள்ளி விட்டுப்போனால் பெயரே மாறிவிடும். ஆகவே கல்லில் இறங்கும் முன் தாளில் எழுதி வாங்கி, வீட்டில் இரண்டு பேர் தனித்தனியே படித்துப் பார்க்க வேண்டும். பிறந்த தேதியையும் இறந்த தேதியையும் சான்றிதழோடு ஒப்பிட வேண்டும்.

தலைப்பெழுத்தோடு நிறுத்திவிடாதீர்கள். தந்தை பெயரை முழுமையாக எழுதலாம். சொந்த ஊரையும் எழுதலாம். தாம்பரத்திலும் சேலையூரிலும் பம்மலிலும் வாழ்கிறவர்களில் பலர் வெளி மாவட்டங்களில் இருந்து பிழைப்புக்காக வந்து குடியேறியவர்கள். பேரனின் மகனுக்குத் தன் குடும்பம் எந்த ஊர் என்று அந்தக் கல்தான் சொல்லப்போகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெண்ணின் பெயர். 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் தாய்' என்பதோடு சில கற்கள் நின்றுவிடுகின்றன. அவருக்கென்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் முதலில் வரட்டும். உறவு பிறகு வரட்டும். சார்னாக் வீட்டில் நேர்ந்த குறை நம் வீட்டில் நேர வேண்டாம்.

வழக்கங்கள் பல

எல்லோரும் ஒரே விதமாக நினைவு கொள்வதில்லை. முஸ்லிம்களில் பல குடும்பங்கள் கபரின்மேல் கட்டடம் எழுப்புவதில்லை. மீசான் கல் வைப்பதோடு சரி. எளிமையே அங்கே மரியாதை. இந்துக்களில் எரிக்கும் வழக்கம் உள்ளவர்களுக்குச் சமாதி இல்லை. ஆனாலும் கருமாதியின்போது கல் நிறுத்தி, நீர் வார்த்து, படையலிடும் சடங்கு பல குடும்பங்களில் உண்டு. பழைய நடுகல்லின் நினைவு அதில் இருக்கிறது. கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் நவம்பர் 2-ந் தேதி கல்லறைத் திருநாள் கொண்டாடுகிறார்கள். கல்லறையைக் கழுவி, மாலை சூட்டி, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

கழுவும்போது ஒரு எச்சரிக்கை. ஆசிட் ஊற்றித் தேய்க்காதீர்கள். சலவைக்கல் அரித்துப்போகும். கம்பி பிரஷ் வேண்டாம். நல்ல தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் போதும். மெழுகு உருகி வழிந்தால், உறைந்த பிறகு மரச் சில்லால் மெல்லச் சுரண்டி எடுங்கள். மெழுகுவர்த்தியைக் கல்மேல் நேராக வைக்காமல் ஓர் அகலில் வைப்பது இன்னும் நல்லது.

கல்லுக்கு வசதி இல்லாத குடும்பம் வெட்கப்பட வேண்டியதில்லை. ஒரு சிறு கல், அதில் ஒரு பெயர், இரண்டு தேதிகள். அது போதும். மீதிப் பணம் பிள்ளைகள் படிப்புக்கு ஆகட்டும். இறந்தவர் இருந்திருந்தால் அதைத்தானே சொல்லியிருப்பார்?

கல் வாங்கப் போவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வீட்டில் வயதானவர்களை உட்கார வைத்து, இறந்தவரின் முழுப் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த ஊர், பார்த்த தொழில் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதில் இருந்து நாலே வரி எடுங்கள். அந்த நாலு வரியையும் வீட்டில் புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரிடம் கொடுங்கள். அது சின்னப் பேரனாக இருக்கலாம். முதியோர் கல்வியில் படித்த பாட்டியாகவும் இருக்கலாம். அவர் தடங்கல் இல்லாமல் படித்துவிட்டால், கல்தச்சரிடம் கொடுக்கலாம்.